முதல் கதையை இணையத்தில் போடுவது எப்படி?

புதிதாக எழுத வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தத் தளத்தில் எழுதலாம்?" என்றுதான். தளத்தைத் திறந்து, முகப்புப் படம் தேடி, தன்னைப் பற்றிய அறிமுகத்தை நாலு தடவை மாற்றி, அதிலேயே களைத்துப்போய் ஒரு வரிகூட எழுதாமல் விட்டவர்கள் நிறையப் பேர். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன். அதனால் இங்கே தளம் ஆறாவது படியில்தான் வரும்.

படி 1: கைக்கு அடங்குவதை எடுங்கள்

மூன்றாம் அத்தியாயத்தோடு நின்றுபோன தொடர்கதைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. முதல் பதிவுக்கு 300 முதல் 500 சொற்கள் போதும். 'நட்பு', 'வாழ்க்கை' என்று தலைப்பு வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஒரு பொருள், ஒரு மாலை, பாதியில் நின்ற ஒரு சண்டை, இப்படி ஏதாவது ஒன்று. முடித்துப் பார்த்த சின்னக் கதை கற்றுக்கொடுப்பதை முடியாத பெரிய கதை கற்றுக்கொடுக்காது.

படி 2: தட்டச்சைப் பழகுங்கள்

யூனிகோடில், அதாவது எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையில், எழுதுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்ததை அப்படியே ஒட்டினால் படிப்பவர் திரையில் ஆங்கில எழுத்தும் குறிகளும்தான் தெரியும். அப்படி ஏதாவது பழையது கையில் இருந்தால் எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

ஒலிப்பு முறையில் ('amma' என்று அடித்தால் 'அம்மா' வரும் முறை) அடித்துப் பழகியவர்கள் அதிலேயே தொடரலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு என் வாக்கு 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகைக்கு. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல். 'தத்தளித்தான்' போன்ற சொல்லில்தான் முதல் 'த' புள்ளி வாங்கிக்கொண்டு முரண்டு பிடிக்கும். நடுவில் ஒரு 'அ' தட்டினால் வழிக்கு வந்துவிடும். கைப்பேசியில் குரலால் எழுதுவதும் கைகொடுக்கும், ஆனால் நிறுத்தற்குறிகளைப் பெரும்பாலும் நீங்கள்தான் போட வேண்டியிருக்கும்.

படி 3: தளத்துக்கு வெளியே எழுதுங்கள்

ஒருமுறை பதிவிடும் பெட்டியிலேயே நேரடியாக இரண்டு மணி நேரம் எழுதினேன். 'வெளியிடு' பொத்தானை அழுத்தியதும் மறுபடி உள்நுழையச் சொன்னது. நுழைந்து பார்த்தால் பெட்டி காலி. அந்தக் கதையை மறுபடி எழுதினேன். முதலில் வந்த மாதிரி வரவே இல்லை. இப்போது எதுவானாலும் சொந்தக் கோப்பில்தான் எழுதுகிறேன். முடிந்ததும் வெட்டி ஒட்டுவதில்லை, படியெடுத்து ஒட்டுகிறேன்.

படி 4: ஆறப்போடுங்கள், பிறகு வாய்விட்டுப் படியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எழுதி முடித்த சூட்டில் நம் எழுத்து நமக்கு அழகாகத்தான் தெரியும். ஓர் இரவாவது விட்டுவிட்டு, மறுநாள் சத்தமாகப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீளம். நாக்கு தடுக்கும் இடத்தில் யாரும் பேசாத சொல் ஒன்று உட்கார்ந்திருக்கும். உரையாடலில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்: சண்டை போடும் அக்கா "நீ ஏன் என்னிடம் பொய் உரைத்தாய்?" என்று கேட்க மாட்டாள்.

அடுத்து, முதல் பத்தியை மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். இது ஒரு தொடக்கம்:

"காலம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மனித வாழ்வில் உறவுகள் முக்கியமானவை. அவற்றில் தாத்தா என்ற உறவு தனித்துவமானது. என் தாத்தாவிடம் ஒரு கைக்கடிகாரம் இருந்தது. அது எப்போதும் பத்து நிமிடம் முந்தியே ஓடும்."

இதையே இப்படித் தொடங்கினால்:

"தாத்தாவின் கைக்கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் முந்தியே ஓடும். அதைத் திருத்த வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை."

முதல் மூன்று வரிகளை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். கடிகாரம் அந்த வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. ஏன் துணிச்சல் இல்லை என்று தெரிந்துகொள்ள படிப்பவர் அடுத்த வரிக்கு வருவார். வெட்டிய மூன்று வரிகளுக்காக வருந்த வேண்டாம். தொண்டையைக் கனைத்துக்கொள்கிற மாதிரிதான் அவை, எழுதும்போது நமக்குத் தேவைப்பட்டன.

படி 5: பிழை பாருங்கள்

சந்திப்பிழையை முழுதாக ஒழிக்க இலக்கணம் படிக்க வேண்டும். தொடக்கத்துக்கு இரண்டு இடங்களைப் பிடித்தாலே பாதி வேலை முடிந்தது: 'ஐ', 'கு' என்று முடியும் வேற்றுமைக்குப் பிறகு க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். கடிகாரத்தைப் பார்த்தான், கதவுக்குப் பின்னால். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்கும் அப்படித்தான். தேவையில்லாத இடத்தில் போட்டால் பொருளே மாறும்: 'தந்த பலகை' யாரோ கொடுத்தது, 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தில் செய்தது.

பிழைதிருத்திச் செயலிகளை முழுதாக நம்ப முடியாது. "அவளுக்கு மனம் முறிந்தது" என்பது 'மணம் முறிந்தது' என்று விழுந்தால் இரண்டும் சரியான சொற்கள் என்று விட்டுவிடும். உங்கள் கதாநாயகிக்கு அதற்குள் விவாகரத்து ஆகியிருக்கும்.

படி 6: இப்போது தளம்

தனி வீடு, அதாவது உங்களுக்கென்றே ஒரு வலைப்பூ, வேண்டுமானால் பிளாக்கர் அல்லது வேர்ட்பிரஸ். பிளாக்கர் 1999இல் தொடங்கியது, 2003 முதல் கூகுளிடம் இருக்கிறது. இலவசம், எளிது, ஆனால் வாசகரை நீங்கள்தான் அழைத்துவர வேண்டும். பிரதிலிபி, வாட்பேட் போன்ற கதைத் தளங்களில் கதை படிக்கவே ஆட்கள் வருவார்கள். கூடவே, அத்தியாயத்துக்கு அத்தியாயம் திடுக்கிட வைக்கும் கதைகளோடு உங்களுடையதும் வரிசையில் நிற்கும். மெதுவாக நகரும் எழுத்தை விரும்புகிறவருக்குத் தனி வீடுதான் சரி என்பது என் கணிப்பு.

ஒரு எச்சரிக்கை. அச்சிதழ்களும் சிறுகதைப் போட்டிகளும் பல, இணையத்தில் வந்த கதையை ஏற்கெனவே வெளியானதாகத்தான் எடுத்துக்கொள்ளும். அனுப்பும் எண்ணம் இருந்தால் அந்தக் கதையை எங்கும் போடாதீர்கள்.

படி 7: ஒட்டுங்கள், ஆனால் இதையெல்லாம் பார்த்துவிட்டு

பத்திகளைச் சிறிதாக உடையுங்கள். பெரும்பாலோர் கைப்பேசியில்தான் படிக்கிறார்கள். தேடலில் கிடைத்த படத்தை எடுத்துப் போடக் கூடாது. எடுத்தவரே சில நிபந்தனைகளோடு பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ள படமென்றால் எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிடுங்கள், இல்லையேல் சொந்தப் படம்.

உங்கள் எழுத்தின் பதிப்புரிமை? 1886இல் உருவான பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், எழுதியதுமே அது உங்களுடையது, எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. கதைக்கரு மட்டும் யாருக்கும் சொந்தமில்லை.

உறவினர், நண்பர் கதைக்குள் வந்தால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. தொழிலையும் தெருவையும் உடல் அடையாளத்தையும் அப்படியே வைத்திருந்தால் தெரிந்தவர்கள் இரண்டாவது பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். உடம்பு நோவு, கடன், குடும்பத் தகராறு என்றால் வெளியிடும் முன் அவரிடமே காட்டிவிடுவது நல்லது.

படி 8: வெளியிட்ட பிறகு

முதல் வாரம் பார்வை எண்ணிக்கை பத்தைத் தாண்டாமல் இருக்கலாம், அதில் ஆறு நீங்களே திறந்து பார்த்ததாகவும் இருக்கலாம். இணைப்பை எல்லாக் குழுக்களிலும் கொட்டுவதைவிட, நேர்மையாகச் சொல்லக்கூடிய இரண்டு பேருக்கு அனுப்பி "எந்த வரியில் படிப்பதை நிறுத்தத் தோன்றியது?" என்று கேளுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "சூப்பர்" என்ற பதிலோடு விஷயம் முடிந்துவிடும்.

யாராவது எழுத்துப்பிழை காட்டினால் நன்றி சொல்லித் திருத்திவிடுங்கள். அதற்கு அறிவிப்பு தேவையில்லை. கதையின் முடிவையே மாற்றினீர்களானால் மட்டும், அடியில் தேதியோடு ஒரு வரி சேருங்கள். முன்பே படித்தவர் திரும்பி வந்து குழம்பக் கூடாது. திருத்தியதை உங்கள் கோப்பிலும் மாற்றி வையுங்கள்.