திரையை மறைத்த போலி வைரஸ் எச்சரிக்கையை நீக்கிய விதம்

அப்பாவின் மடிக்கணினியில் குரோம் திறந்திருந்தபோது, 'வைரஸ் தாக்கியுள்ளது, உடனே அழையுங்கள்' என்ற எச்சரிக்கை அலார ஒலியுடன் திரை முழுவதையும் மறைத்துவிட்டது. அதில் தொலைபேசி எண் இருந்ததே அது போலி என்பதற்குப் போதுமான சான்று. மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்ததும் முழுத்திரை விலகி, முகவரிப் பட்டையில் பொருளற்ற எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு முகவரி தெரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்த 'மூடு' பொத்தானும் பொறியாக இருக்கலாம் என்பதால் அதைத் தொடாமல், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, இயங்கும் நிரல்களைக் காட்டி நிறுத்த உதவும் டாஸ்க் மேனேஜர் வழியாகக் குரோமை நிறுத்தினேன்.

ஆயினும் வலது மூலையில் சிறு எச்சரிக்கைகள் தொடர்ந்து முளைத்தன. அவற்றுக்குக் காரணம் வைரஸ் அன்று, ஏதோ ஒரு தளத்துக்கு என்றோ கொடுக்கப்பட்ட அறிவிப்பு அனுமதி. குரோமின் தள அமைப்புகளில் 'அறிவிப்புகள்' பகுதியைத் திறந்து, அறிமுகமற்ற தளங்களை நீக்கியதும் அவை நின்றன. இதை அறியாமல் பலர் கணினியையே ஃபார்மேட் செய்து, குடும்பப் புகைப்படங்களை இழப்பது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.

உளவு மென்பொருள் ஏதும் நுழைந்துள்ளதா என்று அறிய, குரோமில் சேர்க்கப்பட்டிருந்த தேவையற்ற எக்ஸ்டென்ஷன்களை (கூடுதல் நிரல்களை) அகற்றிவிட்டு, விண்டோஸுடனேயே வரும் பாதுகாப்புச் செயலியான விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆஃப்லைன் ஸ்கேனை இயக்கினேன். விண்டோஸ் வழக்கம்போல் இயங்கத் தொடங்கும் முன்பே அது சோதிப்பதால், ஒளிந்திருக்கும் நிரல்கள் தப்புவது கடினம். சுமார் 15 நிமிடங்களில் சோதனை முடிந்தது, எதுவும் சிக்கவில்லை.