வீடு காலி செய்வது எப்படி: முதல் முறை கிளம்புபவர்களுக்கு

மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் 26 வருடம் குடியிருந்த வாடகை வீட்டைப் போன வைகாசியில் காலி செய்துவிட்டுத் திருநகருக்கு வந்தோம். நாலு நாள் லீவு போட்டால் வேலை முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். பரணை இறக்கவே இரண்டு நாள் போனது. சாமான் ஒன்றும் அவ்வளவு அதிகம் இல்லை. ஆனால் கையில் எடுத்த ஒவ்வொன்றுக்கும் வைப்பதா விடுவதா என்று ஒரு முடிவு சொல்ல வேண்டியிருந்தது. அம்மாவுக்கோ அந்த ஒவ்வொரு முடிவும் இறந்துபோன அப்பாவை மறுபடி வழியனுப்புவது போல இருந்தது. மூட்டை தூக்கிய அலுப்பு ஒரு நாள் தூங்கினால் போய்விடும். இந்த அலுப்பு அப்படிப் போகாது. அதனால் மூன்று வாரமாவது கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

படி 1: நாள் குறிப்பது

ஆடியிலும் மார்கழியிலும் குடி போக மாட்டோம் என்று பெரியவர்கள் சொன்னால் வாதாட வேண்டாம். மனசு ஏற்கனவே கலங்கியிருக்கும்போது இன்னொரு உறுத்தல் எதற்கு? மாசி வீதிகளை ஒட்டியோ வைகைக் கரையை ஒட்டியோ வீடு இருந்தால் சித்திரைத் திருவிழா நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். தேர் மாசி வீதிகளைச் சுற்றி வரும் நாளிலும், சித்ரா பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் அந்தப் பக்கம் சாமான் வண்டி நுழையவே முடியாது. முகூர்த்த நாளில் வண்டி கிடைப்பதும் கஷ்டம், ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். சந்துக்குள் குட்டியானை வருமா என்று டிரைவரை ஒரு தடவை நேரில் வந்து பார்க்கச் சொல்வது நல்லது.

படி 2: மல்லிகைச் செடி

இதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன், அதனால் முன்னாலேயே சொல்கிறேன். தொட்டிச் செடியைத் தூக்கிக்கொண்டு போகலாம், மண்ணில் வேர்விட்டது வராது. தாழ்வான கிளை ஒன்றை வளைத்து, நடுப்பகுதியை மண்ணுக்குள் புதைத்துப் பதியன் போட வேண்டும். வேர் பிடிக்க மூன்று மாதத்துக்கு மேல்கூட ஆகலாம். எங்களுக்கு அவ்வளவு நாள் இல்லை. குழாயடியில் அம்மா வைத்த மல்லிகையில் ஐந்து குச்சி வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து நட்டோம். இரண்டு துளிர்த்தது.

படி 3: பரண்

தினமும் புழங்காத சாமான் எல்லாம் பரணில்தான் இருக்கும், அதனால் அங்கிருந்து தொடங்குங்கள். மூன்று குவியல் போடுங்கள்: கொண்டுபோவது, கொடுத்துவிடுவது, இன்னும் தெரியாதது. மூன்றாவதுக்கு ஒரே ஒரு அட்டைப்பெட்டிதான் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். முடிவெடுக்க முடியாத பொருளை அதில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். அப்பாவின் மூக்குக்கண்ணாடியும் சைக்கிள் பம்பும் அதில்தான் போயின. பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்க அவசரமும் இல்லை.

பெரியவர்களின் பொருளை அவர்களுக்குத் தெரியாமல் எடுக்கவே எடுக்காதீர்கள். அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, துருப்பிடித்த தகரப்பெட்டி ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். காலியாகத்தானே கிடக்கிறது என்று நினைத்தேன். அம்மா திரும்பி வந்து பரணைப் பார்த்தார். "கல்யாணமாகி வந்தப்ப அந்தப் பெட்டியோடதான்த்தா வந்தேன்" என்று மட்டும் சொன்னார். திட்டவில்லை, அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை. விடிந்ததும் கடைக்கு ஓடினேன். நல்லவேளை, பெட்டி இருந்தது. வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்துத் தூக்கி வந்தேன். அதற்குப் பிறகு அம்மாவின் சாமான் எதையும் அவர் சொல்லாமல் நான் தொடவில்லை. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எடுத்துக் கொடுப்பதை மட்டும் கட்டினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வேலை முன்னைவிட வேகமாகத்தான் நடந்தது. ஒரு சேலையின் கதையை முழுசாகச் சொல்லி முடித்ததும், "சரி, இதை யாருக்காவது குடுத்துரு" என்று அவரே சொல்லிவிடுவார்.

படி 4: கட்டுவது

மளிகைக் கடையில் கேட்டால் அட்டைப்பெட்டி கிடைக்கும். புத்தகத்தைச் சின்னப் பெட்டியில் போடுங்கள், பெரியதில் போட்டால் அடி பிய்ந்துவிடும். கண்ணாடிச் சாமானைச் சுற்றப் பழைய சுங்குடிச் சேலையை மிஞ்ச ஒன்றும் இல்லை, துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகியிருக்கும். எந்த அறைச் சாமான் என்பதைப் பெட்டியின் பக்கவாட்டில் எழுதுங்கள். அடுக்கிய பிறகு மேல்பக்கம் தெரியாது.

படி 5: சமையலறை

இது கடைசிதான். அடுப்பு எரிகிற வரைக்கும் அது வீடாக இருக்கிறது. முதல் நாள் ராத்திரி ஃப்ரிட்ஜை நிறுத்தித் துடைத்து, நிமிர்த்தி வைத்தபடியே ஏற்றுங்கள். போன இடத்தில் சில மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். சிலிண்டரில் ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டு, அதையும் நிமிர்த்தியே கொண்டுபோங்கள். அம்மி, ஆட்டுக்கல் வருவதாக இருந்தால் வண்டியில் முதலில் ஏற வேண்டியது அவைதான். பால் காய்ச்சப் பாத்திரம், சர்க்கரை, தீப்பெட்டி, டம்ளர், சாமி விளக்கு எல்லாம் ஒரு கூடையில் உங்கள் கையோடு வரட்டும்.

கேஸ் ஏஜென்சியில் முகவரி, ரேஷன் கார்டில் முகவரி, இரண்டையும் மாற்றிவிடுங்கள். கிளம்பும் நாளில் கரண்ட் மீட்டரைப் போட்டோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள். கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் என்பதால், பிறகு யார் எவ்வளவு கட்டுவது என்ற பேச்சு வராது.

படி 6: சொல்லிக்கொள்வது

சாமான் ஏற்றும் காலையில் யாரிடமும் ஒழுங்காகப் பேச முடியாது. இரண்டு நாள் முன்னால் ஒரு சாயங்காலத்தை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு மதினி நாங்கள் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே அழுதுவிட்டார். அம்மா அவரிடம் முறத்தையும் உரலையும் கொடுத்து, குழாயடி மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு வந்தார்.

படி 7: கிளம்பும் நாளும் முதல் ராத்திரியும்

வண்டி போன பிறகு அரை மணி நேரம் வீட்டில் இருங்கள். அம்மா எல்லா அறையையும் கூட்டினார். காலண்டர் மாட்டியிருந்த இடத்தில் மட்டும் சுவர் பழைய நீலத்தோடு இருந்தது. அந்த ஆணியை நான் பிடுங்கப் போனபோது, "இருக்கட்டும்" என்றார். பிறகு சாவியைக் கொடுத்தோம்.

புது வீட்டில் பால் காய்ச்சியதும் எல்லாப் பெட்டியையும் பிரிக்க உட்கார வேண்டாம். பெரியவர்கள் படுக்கும் இடத்தை முதலில் தயார் செய்யுங்கள். பழைய வீட்டில் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தார்களோ அதே பக்கம் பாயை விரியுங்கள். பாத்ரூம் விளக்கை ராத்திரி முழுக்க எரிய விடுங்கள். இரண்டு மணிக்கு அம்மா எழுந்து, பழைய வீட்டில் கதவு இருந்த திசைக்கு நடந்துபோய், சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றார்.