ஆர்00 பணத்தை ஆஃபர் லெட்டரில் தொலைக்காதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். ஈறு நோய்ச் சிகிச்சையில் ரெசிடென்சி எனும் சிறப்புப் பயிற்சி, அதன்பின் பிஎச்டி, இப்போது கே99 எனும் அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிதி கிடைத்து முதல் வருடம் ஓடுகிறது. ஒரு அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலையும் கூடி வந்துவிட்டது. "அண்ணா, ஆஃபர் லெட்டர் வந்திருக்கு. ஒரு தடவை பார்த்துச் சொல்றீங்களா?" என்றார். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது. எட்டு வருடத்துக்கு முன்னால் நான் கையெழுத்துப் போட்ட அதே வரி, கிட்டத்தட்ட அதே சொற்களில் அங்கே இருந்தது: ஆய்வகத் தொடக்கச் செலவுகளை விண்ணப்பதாரரின் ஆர்00 நிதி (கே99-இன் அடுத்த கட்டம்) ஏற்கும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பக்க வரம்பைத் தாண்டுவது, கடைசி நாளில் அனுப்புவது போன்ற விண்ணப்பத் தவறுகளை இங்கே பேசப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவின் என்ஐஎச் (தேசிய சுகாதார ஆய்வு) நிறுவனத்தில் பல், வாய், முக ஆராய்ச்சிக்கென 1948 முதல் இருக்கும் பிரிவுதான் இன்றைய என்ஐடிசிஆர். பல் மருத்துவப் பட்டத்தோடு பிஎச்டியும் முடித்தவர்கள் தனி ஆய்வகம் அமைக்க உதவும் முக்கியமான வழி கே99/ஆர்00. மென்டரின் (வழிகாட்டும் பேராசிரியரின்) கீழ் அதிகபட்சம் 2 ஆண்டு கே99. பிறகு சொந்த வேலையில், சொந்த லேபில் அதிகபட்சம் 3 ஆண்டு ஆர்00.

எந்த நிதி அறிவிப்பு என்று பார்க்காமல் எழுதத் தொடங்குவது

கே என்று தொடங்குவதெல்லாம் ஒன்று என்று நினைத்து ஆறு மாதத்தை வீணாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவப் பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளர்களுக்கான கே08-க்கு அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். பொதுவான கே99-க்கு அந்த நிபந்தனை கிடையாது, விசாவில் இருப்பவரும் போடலாம். ஆனால் அதற்குப் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய) ஆராய்ச்சி அனுபவம் 4 ஆண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. ஆராய்ச்சி கலக்காத மருத்துவப் பயிற்சிக் காலம் அந்த 4 ஆண்டில் சேராது என்பதை நம் ஆட்கள் பலர் கவனிப்பதில்லை. 'எனக்குக் காலம் முடிந்துவிட்டது' என்று தாங்களே ஒதுங்கிவிடுகிறார்கள். பல் மருத்துவ விஞ்ஞானிகளுக்கென என்ஐடிசிஆர் தனியாக விடும் அறிவிப்புகளுக்கு விதிகளும் தனி. அந்த அறிவிப்பை முழுக்கப் படித்துவிட்டு, அந்த நிதியைக் கவனிக்கும் என்ஐஎச் புரோகிராம் ஆபீசருக்கு ஒரு பக்கச் சுருக்கத்தை அனுப்பிக் கேளுங்கள். கேட்பதால் மதிப்பெண் குறையாது.

பரிந்துரைக் கடிதங்கள்

3 முதல் 5 வரை வேண்டும்; மென்டரின் கடிதம் அந்தக் கணக்கில் வராது.

ஆர்00-ஐ ஸ்டார்ட்-அப் தொகையாக நினைப்பது

ஸ்டார்ட்-அப் என்பது புதிய ஆசிரியர் ஆய்வகம் தொடங்கக் கல்லூரி தரும் பணம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

நேர்முகத்தின்போது துறைத்தலைவர் அன்பாகத்தான் பேசினார். "உங்களிடம் ஏற்கெனவே வருடத்துக்கு 2,49,000 டாலர் இருக்கிறதே, ஸ்டார்ட்-அப் எதற்கு? அந்தப் பணத்தை இன்னொரு புதிய ஆசிரியருக்குக் கொடுக்கலாம்" என்றார். வேலை கிடைத்ததே பெரிது என்று இருந்த நான் தலையாட்டிவிட்டேன். மூன்று வருடத்துக்கு ஏழரை லட்சம் டாலர், ஒரு சின்ன லேபுக்கு அது போதாதா என்றுதான் எனக்கும் தோன்றியது.

போதாது. கணக்கைப் பாருங்கள். அந்த 2,49,000 என்பது மொத்தச் செலவுக்கான உச்சவரம்பு, கட்டடம், நிர்வாகம் போன்றவற்றுக்கெனக் கல்லூரி எடுத்துக்கொள்ளும் மறைமுகச் செலவும் அதற்குள்தான். கல்லூரியின் மறைமுகச் செலவு விகிதம் 55 சதவீதம் என்று வையுங்கள். 2,49,000-ஐ 1.55-ஆல் வகுத்தால் உங்கள் கைக்கு வருவது சுமார் 1,60,600. கே99 கட்டத்தில் இந்த விகிதம் வெறும் 8 சதவீதம் என்பதால், ஆர்00-க்கு மாறும்போது விழும் இந்த அடி யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை.

அடுத்தது சம்பளம். உங்கள் ஆண்டுச் சம்பளம் 1,20,000 டாலர், அதில் 75 சதவீதத்தை இந்த கிரான்ட்டில் போடச் சொல்கிறார்கள் என்றால் 90,000 போனது. அதற்கு மேல் காப்பீடு முதலான சலுகைகளுக்கு 30 சதவீதம் பிடித்தால் இன்னொரு 27,000. மிச்சம் 43,600 சொச்சம். இதில்தான் ஆன்டிபாடி, சீக்வென்சிங், மைக்ரோஸ்கோப் வாடகை, எலிக்கூண்டுக் கட்டணம் எல்லாம். முழுநேர டெக்னீஷியன் ஒருவரை வைக்க முடியாது.

என் இரண்டாவது வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, விலங்குக் கூடத்தில் கூண்டு அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு நின்றது இப்போதும் கண்முன் இருக்கிறது. கூண்டுக்குத் தினக்கட்டணம். அறுபது கூண்டை இருபத்தைந்தாகக் குறைத்தால்தான் அந்த வருடத்தை ஓட்ட முடியும். உமிழ்நீர்ச் சுரப்பி ஆய்வுக்காக நான்கு வருடம் வளர்த்த ஒரு எலி வரிசையை அன்றைக்கு விட்டுவிட்டேன். உறைய வைத்துப் பாதுகாக்கக்கூடப் பணம் இல்லை. என் ஆய்வுத் திட்டத்தின் மூன்றாவது நோக்கம் முழுக்க அந்த வரிசையை நம்பித்தான் இருந்தது.

இதில் எரிச்சல் என்னவென்றால், விதி நம் பக்கம்தான் இருக்கிறது. ஆர்00 பணத்தை வழக்கமான ஸ்டார்ட்-அப் தொகைக்கு ஈடாகக் காட்டக் கூடாது என்றுதான் என்ஐஎச் எதிர்பார்க்கிறது. ஆர்00 விண்ணப்பத்தில் கல்லூரி என்ன தருகிறது என்று விவரமாக எழுதவும் வேண்டும். இந்த ஒரு விஷயத்தைப் பணிவாகச் சுட்டிக்காட்டியிருந்தால் போதும். நான் அறிவிப்பின் அந்தப் பகுதியைப் படித்தது கையெழுத்துப் போட்டு ஒரு வருடம் கழித்துத்தான்.

எனவே கையெழுத்துக்கு முன்னால் மூன்று தொகைகள் லெட்டரில் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்: ஆர்00-ஐச் சாராத ஸ்டார்ட்-அப், உங்கள் சம்பளத்தில் கல்லூரி ஏற்கும் பங்கு, ஆர்00 முடிந்தபின் சம்பளத்துக்கு யார் பொறுப்பு. 'தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்' என்ற வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். துறைத்தலைவர்கள் மாறுவார்கள், எனக்கு வாக்குக் கொடுத்தவர் பதினான்கே மாதத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

75 சதவீதத்தைக் கிளினிக்குக்கு விட்டுக்கொடுப்பது

உங்கள் முழு வேலைநேரத்தில் குறைந்தது 75 சதவீதம் ஆராய்ச்சிக்கு என்பது நிபந்தனை. வாரத்தில் 10 அரைநாள் என்றால் நோயாளி, மாணவர் கிளினிக், வகுப்பு, கமிட்டி எல்லாம் சேர்ந்து இரண்டரை அரைநாள்தான். பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர் கிளினிக்கை மேற்பார்க்க எப்போதும் ஆள் பற்றாக்குறை. "இந்த ஒரு செமஸ்டர் மட்டும்" என்று தொடங்கும். லெட்டரில் சதவீதத்தோடு அரைநாள் எண்ணிக்கையையும் எழுதச் சொல்லுங்கள். சதவீதத்தை மட்டும் எழுதினால் அதை வைத்து ஒரு கிளினிக் அட்டவணையை மறுக்க முடியாது.

மென்டரிடம் பேசாமல் கிளம்புவது

எந்த எலி, எந்த செல் வரிசை, எந்தக் கேள்வி உங்களோடு வரும் என்பதைக் கே99 விண்ணப்பத்துக்கான அவர் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். நல்ல மென்டர் தயங்க மாட்டார்.

கல்விக் கடனை மறந்துவிடுவது

அமெரிக்காவில் பல் மருத்துவம் படித்தவர்களின் கடன் சுமை எல்லோரும் அறிந்ததே. ஆராய்ச்சியில் வாரம் 20 மணி நேரமாவது செலவிடுபவர்களுக்கு என்ஐஎச்சின் கடன் அடைப்புத் திட்டம் ஆண்டுக்கு 50,000 டாலர் வரை தருகிறது. இதற்குக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு தேவை. கே விருதோடு சேர்த்தே இதற்கும் விண்ணப்பிக்கலாம்.

தேதியைப் பின்னோக்கி எண்ணாதது

ஆர்00 விண்ணப்பம் கே99 முடிவதற்கு 2 மாதம் முன்பாவது போய்ச் சேர வேண்டும். அதற்கு முன் கையெழுத்தான வேலை வேண்டும். உதவிப் பேராசிரியர் தேடல் ஒரு முழு வருடம் இழுக்கும். ஆகவே கே99-இன் முதல் வருடத்திலேயே வேலை தேடத் தொடங்க வேண்டும். அந்தத் தம்பி இதைச் சரியாகச் செய்திருந்தார். அதனால்தான் லெட்டரைத் திருப்பி அனுப்பிக் கேட்க அவருக்கு இன்னும் ஏழு மாதம் கையில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் அந்த வரியை எடுத்துவிட்டு, ஸ்டார்ட்-அப் தொகையைத் தனியாக எழுதித் தரச் சொல்லிப் போன வாரம் மின்னஞ்சல் போட்டிருக்கிறார்.