பிரியும்போது பணக்கணக்கை முடிப்பது எப்படி?

தங்கச்சியின் பரஸ்பர சம்மத விவாகரத்துக்காக அவளோடு கோர்ட் படி ஏறி இறங்கியவன் நான். "மொத்தமா எவ்வளவு?" என்று பேச்சை ஆரம்பிக்காதீர்கள். தொகையைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பிரிபவர்களுக்கான வழிமுறை இது.

படி 1: நகை

கல்யாண ஆல்பத்தை விரித்து உட்காருங்கள். ஆரம், நெக்லஸ், ஒட்டியாணம் என்று அம்மா போட்டோவில் விரல் வைத்துச் சொல்லச் சொல்ல, நான் நகைக்கடை பில்லில் டிக் அடித்தேன். ஒரு ஜோடி வளையல் மட்டும் இடித்தது. விசாரித்தால், அது மாப்பிள்ளை வீட்டார் வைத்த அடகில் இருக்கிறது! பெண்ணுக்குப் போட்ட நகையும் கொடுத்த சீரும் அவளுடைய தனிச்சொத்து என்று பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. அதனால் நகையைத் திருப்பித் தருவதை ஜீவனாம்சக் கணக்கில் கழிக்க விடாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

படி 2: வரவும் கடனும்

ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்பது ரஜ்னேஷ் வழக்கில் 2020-இல் வந்த தீர்ப்பு. சமாதானமாகப் பிரிபவர்களும் அதே படிவத்தை நிரப்பி மாற்றிக்கொள்வது நல்லது. சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மெண்ட், வருமான வரிக் கணக்கு மூன்றையும் கேளுங்கள்.

படி 3: வீடு

விவாகரத்து என்றால் சொத்தில் பாதி தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இந்து திருமணச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. இருவர் பெயரிலும் வீடு இருந்தால், விட்டுக்கொடுப்பவர் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். ஹோம் லோன் இருந்தால் இன்னும் கவனம். "இனி இ.எம்.ஐ. அவர் கட்டுவார்" என்று நீங்கள் இருவரும் எழுதிக்கொள்வது பேங்க்கைக் கட்டுப்படுத்தாது. லோனிலிருந்து உங்கள் பெயரை பேங்க் எழுத்துப்பூர்வமாக நீக்கும்வரை பொறுப்பு உங்கள் தலையிலும்தான்.

படி 4: குழந்தை

பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவைத் தனியாக எழுதுங்கள். ஆண்டுதோறும் எவ்வளவு கூடும் என்பதையும் சேருங்கள். "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று அம்மா எழுதிக்கொடுத்தாலும் குழந்தையின் உரிமை போய்விடாது.

படி 5: தவணை

ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருந்தால்தான் கூட்டு மனு போட முடியும். அதன்பிறகு பொதுவாக ஆறு மாதக் காத்திருப்பு. தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம். இந்த இடைவெளியில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே முழுத்தொகையையும் முதல் நாளே கொடுக்கவும் கூடாது, கடைசிவரை நம்பி உட்காரவும் கூடாது. தங்கச்சிக்கு மனு போட்ட அன்று பாதி, இறுதி விசாரணையில் நீதிபதி முன்னால் மீதி என்று எழுதினோம், இரண்டும் டிடியாக. டிடியில் பெயர் பாஸ்புக்கில் உள்ளபடியே இருக்கிறதா என்று முதல் நாளே போட்டோ வாங்கிப் பாருங்கள். எங்களுக்கு இனிஷியல் தப்பாகி ஒரு வாய்தா போனது.

தீர்ப்பு நகல் கிடைத்த வாரமே பி.எஃப்., இன்சூரன்ஸ், பேங்க் மூன்றிலும் நாமினியை மாற்றிவிடுங்கள்.