மின்னும் உடம்பு, நாறும் குளம்பு: தினசரி குதிரைப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் முதன்முதலாகக் குதிரை வாங்குகிறவர்களைக் கவனித்தால் ஒன்று புரியும். அந்த வாரமே பிரஷ், ஷாம்பு, தேங்காயெண்ணெய் எல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். உடம்பு கண்ணாடியாக மின்னும். ஐப்பசி மழை பிடித்துச் சில வாரம் ஆனதும் அதே குதிரை கல் தரையில் கால் வைக்கத் தயங்கும். "தினமும் மாலிஷ் பண்றோமே, கால் எப்படிக் கெட்டுச்சு?" என்பார்கள். மாலிஷ் செய்தது உடம்புக்கு; காலைத் தூக்கி யாரும் பார்க்கவில்லை.

பின்னால் போய் நிற்காதே, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே என்பதையெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுவோம்.

குளம்பை லாடக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விடுவது

லாடக்காரர் வருவது 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை. குளம்பு அழுக சில நாள் ஈரச் சாணம் போதும்.

காலைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். குதிப்பக்கம் அகலமாகத் தொடங்கி முன்பக்கம் கூம்பி வரும் ரப்பர் போன்ற பகுதி தெரியும். ரைடிங் கிளப்களில் அதை 'ஃப்ராக்' என்பார்கள். அதன் இருபுறமும் ஆழமான பள்ளம், நடுவில் ஆழமில்லாத சிறு குழிவு. சாணமும் மூத்திரமும் மண்ணும் இந்தப் பள்ளங்களில் இறுகிவிட்டால் உள்ளே காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளுக்கு அதைவிட வசதி வேறில்லை. மூத்திரத்தின் அமோனியா வேறு தோலை இளக்கிக் கொடுக்கும். அழுகல் இப்படித்தான் தொடங்குகிறது. கறுப்பாக, பிசுபிசுவென்று கசியும். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

சுத்தம் செய்யும் முறையிலும் தவறுவார்கள். குளம்பைச் சுரண்டும் கொக்கியைக் குதியிலிருந்து குளம்பின் முன்நுனிப் பக்கமாகத்தான் இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கமாகக் குத்தினால் கொக்கி வழுக்கி ஃப்ராக்கில் ஏறிவிடும். முதலில் இருபுறப் பள்ளங்கள், பிறகு லாடத்தின் உள்விளிம்பு. நடுக் குழிவில் கொக்கியே வேண்டாம், கெட்டி பிரஷ் போதும். அந்தக் குழிவு குறுகி, பஞ்சு சுற்றிய குச்சி உள்ளே இறங்கும் அளவுக்குப் பிளவாகிவிட்டதென்றால் அழுகல் ஆழம் போய்விட்டது என்று பொருள்.

தொடக்க நிலை என்றால் கழுவி, துணியால் ஒற்றி, நன்றாக உலரவிட்டு, பொவிடோன் அயோடினில் நனைத்த பஞ்சைப் பள்ளத்தில் தினமும் வைத்தால் போதும். நிற்கும் தரை காயவில்லையென்றால் எந்த மருந்தும் கேட்காது. ஈரப் படுக்கையை அன்றன்றைக்கே அள்ள வேண்டும். அமுக்கினால் குதிரை காலை உதறுகிறது, ரத்தம் கசிகிறது என்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஃபினாயில், மண்ணெண்ணெய், பேட்டரி ஆசிட் எதுவும் வேண்டாம். உயிருள்ள தோலை வேகவைத்துவிடும். பளபளப்புக்காகக் குளம்பில் எரிந்த இன்ஜின் ஆயில் பூசுவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

அதைவிடக் கோபம் வருவது இன்னொன்றுக்கு. குதிரை நொண்டும். யாரோ ஒருவர் 'தோள் சுளுக்கு' என்று தீர்ப்புச் சொல்வார். பத்து நாள் தோளில் எண்ணெய் நீவல், மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை, ஒத்தடம். மருத்துவர் வந்து குளம்பைச் சீவினால் கருஞ்சீழ் வடியும். உள்ளே ஒரு கல்லோ ஆணியோ புகுந்த தடம் இருக்கும். முதல் நாளே காலைத் தூக்கியிருந்தால் ஐந்து நிமிட வேலை. நொண்டல் கண்டதும் நான்கு குளம்புகளையும் உள்ளங்கையால் தொட்டு, எது சூடு என்று ஒப்பிடுங்கள். குளம்புக்கு மேலுள்ள மூட்டின் பின்பக்கம், இரு ஓரங்களிலும் விரல் வைத்து நாடி பாருங்கள். நல்ல காலில் அது தேடினால்தான் கிடைக்கும். தேடாமலே துடிக்கிறது என்றால் கோளாறு குளம்பில்தான்.

ஆணி குத்தியிருந்தால் பிடுங்க அவசரப்படாதீர்கள். அது உள்ளே இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தால்தான் எதுவரை போயிருக்கிறது என்பது தெரியும். ஊன்றும்போது இன்னும் உள்ளே ஏறும், எடுத்தே ஆக வேண்டும் என்றால், இடமும் சாய்வும் தெரியும்படி போனில் படம் பிடித்துவிட்டு எடுங்கள், ஆணியையும் பத்திரப்படுத்துங்கள். டெட்டனஸுக்குக் குதிரை அளவுக்குப் பலியாகும் வளர்ப்பு விலங்கு வேறில்லை. கடைசித் தடுப்பூசித் தேதி லாயத்துச் சுவரிலேயே எழுதியிருக்கட்டும்.

சவாரிக்கு முன்னும் பின்னும் குளம்பைப் பார்க்க வேண்டும். சவாரி இல்லாத மழை நாளில் காலையும் மாலையும்.

மாட்டு உண்ணி மருந்து

மாட்டுத் தொழுவத்தில் மீந்த அமிட்ராஸைக் குதிரைக்கு அடித்துவிடுவார்கள். மாட்டுக்கு ஒத்துக்கொள்ளும் அந்த மருந்து குதிரையின் குடல் அசைவை நிறுத்தி, சாணியைப் பெருங்குடலில் இறுக்கி, உயிரையே எடுத்துவிடக்கூடும். பாட்டிலில் என்ன பெயர் அச்சிட்டிருக்கிறது என்று படிக்காமல் தொடாதீர்கள். உண்ணி ஒளிந்திருப்பது காதுக்குள், பிடரி முடியின் அடியில், வாலடியில், பின்னங்கால் இடுக்கில். அங்கெல்லாம் தினமும் விரலை விட்டுத் துழாவி, ஒன்றிரண்டு இருந்தால் கையாலேயே பிடுங்கிவிடலாம். முன்னங்கால் முடியில் மஞ்சளாகக் கடுகைவிடச் சிறியதாக ஒட்டிக்கொண்டிருப்பவை ஒரு வகை ஈயின் முட்டைகள். குதிரை நக்கினால் புழு வயிற்றுக்குள் போய்விடும். மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுங்கள்.

வியர்வை காய்ந்த உடம்பில் சேணம்

காய்ந்த வியர்வை உப்புத்தாள் மாதிரி. அதன்மேல் சேணத்தைப் போட்டு வாரை இறுக்கினால் முன்னங்காலுக்குப் பின்னே, வார் உரசும் மெல்லிய தோல் கிழிந்துவிடும். ரப்பர் சீப்பால் வட்டமாகத் தேய்த்து அழுக்கைக் கிளப்புங்கள். பிறகு முடி படிந்த திசையில் பிரஷ். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை பிரஷைச் சீப்பில் உரசிச் சுத்தம் செய்யாவிட்டால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. இரும்புச் சீப்பு உடம்புக்கல்ல, பிரஷைச் சுத்தம் செய்யத்தான்.

தினமும் ஷாம்பு

வேண்டாம். தோலின் எண்ணெய் போய்விடும்.

வாலை மேலிருந்து சீவுவது

நுனியிலிருந்து விரலால் சிக்கெடுத்து மேலே போங்கள். அறுந்த முடி வளர வருடங்கள் ஆகும்.

ஒரே ஸ்பாஞ்ச், ஒரே பிரஷ், எல்லாக் குதிரைக்கும்

படர்தாமரை பிரஷ் வழியாக லாயம் முழுக்கப் பரவும்; மாலிஷ் செய்கிறவர் கையிலும் வரும். கண்ணுக்கும் மூக்குக்கும் ஒரு ஸ்பாஞ்ச், வாலடிக்கு வேறு ஸ்பாஞ்ச். நிறம் மாற்றி வாங்கினால் குழப்பம் இருக்காது. மூக்கில் கெட்டிச் சளியும் தோலில் வரிசையாகக் கட்டிகளும் கண்டால் அந்தக் குதிரையைத் தனியே கட்டி, உடனே கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும். அது கிளாண்டர்ஸ் ஆக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றி உயிரைக் குடிக்கும் நோய் அது. இந்தியாவில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம்.

பிரஷ் வேலை முடிந்ததும், வெறுங்கையால் கழுத்திலிருந்து குளம்பு வரை ஒருமுறை தடவிவிடுங்கள். நேற்று இல்லாத சூடு, வீக்கம், பொருக்கு எதுவானாலும் கைக்குத் தெரியும். இடது பக்கம் தடவிய அதே இடத்தை வலது பக்கத்திலும் தடவி ஒப்பிட்டுவிட்டுத்தான் கயிற்றை அவிழ்க்க வேண்டும்.