ஒற்றைச் சக்கர சைக்கிளுக்கு ஹேண்டில்பார்: பொருத்தும்போதும் ஓட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சக்கரத்துக்கு எதற்கு ஹேண்டில்பார் என்று கேட்பவர்கள் உண்டு. சர்க்கஸில் பார்த்த 20 அங்குலச் சக்கரத்தில் அதற்கு வேலை இல்லைதான். ஆனால் 36 அங்குலச் சக்கரத்தில் நாள் முழுக்கச் சாலையில் போகிறவருக்கு, சீட்டோடு சேர்த்து முன்பக்கம் நீட்டிப் பொருத்தும் இந்த ஹேண்டில்பார், சுருக்கமாக ‘பார்’, மிகவும் தேவை. இங்கிலாந்தின் எட் பிராட் 2015-இல் கிளம்பி 2018-இல் உலகைச் சுற்றி முடித்தது 36 அங்குலச் சக்கரத்தில்தான். மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களும் பார் வைத்துக்கொள்கிறார்கள்.

காரணம் இதுதான். யூனிசைக்கிளில், அதாவது ஒற்றைச் சக்கர சைக்கிளில், மிதிக்காமலே சக்கரத்தை உருளவிடும் ஃப்ரீவீல் பொதுவாகக் கிடையாது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். 36 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.87 மீட்டர் போகும் என்றால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் கால்கள் நிமிடத்துக்கு 116 சுற்று சுற்ற வேண்டும். நடுவில் மிதிப்பதை நிறுத்தி, எழுந்து நின்று உடம்பை ஆற்றிக்கொள்ள வழியில்லை. எடை பெரும்பாலும் சீட்டில்தான் இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் கவட்டுப் பகுதி மரத்துப் போகும்.

அந்த எடையில் ஒரு பங்கைக் கைகளுக்கு மாற்றுவதுதான் பாரின் முதல் வேலை. ஏற்றத்தில் இழுத்துப் பிடிக்க ஒரு பிடி தருவது இரண்டாவது. மிதிக்கிற மிதிக்குச் சீட் இடமும் வலமும் திருகிக்கொள்வதை அடக்குவது மூன்றாவது. வண்டியைத் திருப்புவது இதில் முக்கியமான வேலையே இல்லை. இதைச் சாதாரண சைக்கிளின் ஹேண்டில்பாராக நினைத்துக்கொள்வதில்தான் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் நீளம். வாங்கியவுடனே பலர் செய்வது, பாரை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிப் பொருத்துவது. பந்தய சைக்கிள்காரரைப் போலக் குனிந்து போகலாம் என்ற ஆசை. சக்கரம் ஒன்றுதான் என்பதை மறந்துவிடுகிறோம். மொத்த எடையின் மையம் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு மேலேயே இருந்தாக வேண்டும். கையும் தோளும் முன்னால் போனால், இடுப்பு அந்த அளவுக்குப் பின்னால் நகரும். சீட்டில் உட்காரும் இடமே மாறிவிடும், மிதிக்கும் கோணமும் கெடும். நெம்புகோல் கணக்கு வேறு இருக்கிறது. சீட் போஸ்ட்டிலிருந்து (சீட்டைத் தாங்கும் குழாயிலிருந்து) 30 சென்டிமீட்டர் தள்ளி 10 கிலோவை ஊன்றுவது, 15 சென்டிமீட்டர் தள்ளி 20 கிலோவை ஊன்றுவதற்குச் சமம். நீண்ட பாரில் கை லேசாக அசைந்தாலே வண்டி ஆடும். எனவே குட்டையாக ஆரம்பியுங்கள். நீளத்தை மாற்றக்கூடிய பார் என்றால் உள்ளே தள்ளி வைத்து ஓட்டிப் பழகி, உடம்பு கேட்டால் மட்டும் ஒவ்வொரு சென்டிமீட்டராக வெளியே இழுங்கள்.

உயரமும் அப்படித்தான். பார் சீட்டைவிட மிகவும் தாழ்ந்திருந்தால் முதுகு வளைந்து, கழுத்து வலிக்கும். மிகவும் உயர்ந்திருந்தால் முழங்கை மடிந்து நிற்கும், கை எந்த எடையையும் தாங்காது. சீட்டின் மட்டத்தை ஒட்டி வைத்துத் தொடங்கினால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வரும். பாரை மாற்றினால் சீட்டின் சாய்வையும் திரும்பப் பார்க்க வேண்டும். குனிகிறவருக்குச் சீட்டின் முன்முனை தூக்கலாக இருந்தால் அழுத்தம் இன்னும் கூடும். அப்புறம் பாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

முழங்கால் இடிக்கிறதா என்பதைக் கடையில் நின்று பார்த்தால் தெரியாது. சுவரைப் பிடித்தபடி ஏறி உட்கார்ந்து, கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் தண்டை) மேலே கொண்டுவந்து, தொடைக்கும் பாருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று இரண்டு பக்கமும் பாருங்கள். கிராங்க் நீளமாக இருந்தால் முழங்கால் இன்னும் மேலே வரும். 110 மில்லிமீட்டர் கிராங்கில் இடிக்காத பார் 150-இல் இடிக்கலாம். நண்பருடைய வண்டியில் பார்த்துவிட்டு அதே அளவை வாங்குவது இதனால்தான் ஆபத்து.

இப்போது நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது: பாரின் திறந்த முனைகள். குழாயை அறுத்துப் பொருத்தியபின் மூடி போடாமல் விடுவது ஏதோ சின்ன விஷயம் போலத் தோன்றும். யூனிசைக்கிளில் விழுவது பெரும்பாலும் முன்பக்கம்தான், அதாவது உடம்பு பாரைத் தாண்டித்தான் போகும். வட்டமான வெறும் குழாய் முனை தொடையில் இறங்கினால் வட்ட அச்சு கொண்டு வெட்டி எடுத்த மாதிரி சதையை வெட்டும். எனக்கு ஒருமுறை அந்த முனை தொடையில் பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. எந்த சைக்கிள் கடையிலும் மிகக் குறைந்த விலைக்கு முனை மூடி கிடைக்கும். கிரிப்பின் முனை கிழிந்திருந்தால் அதையும் உடனே மாற்றுங்கள். தொளதொளவென்ற அரைக்கால் சட்டையும் வேண்டாம். இறங்கும்போது அதன் ஓரம் பாரில் மாட்டிக்கொள்ளும்.

போல்ட்டுகளுக்கு வருவோம். பார் பொருத்தியபின் சீட்டுக்கும் சீட் போஸ்ட்டுக்கும் வரும் முறுக்கு விசை, அது இல்லாதபோது இருந்ததைவிடப் பல மடங்கு. அவ்வளவு நாள் நன்றாக இருந்த க்ளாம்ப், அதாவது சீட் போஸ்ட்டைச் சட்டகத்தோடு இறுக்கும் வளையம், திடீரென்று வழுக்கும். ஏற்றத்தில் ஓங்கி இழுக்கும்போது சீட் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டால், நீங்கள் ஒரு திசையிலும் சக்கரம் வேறு திசையிலும் போவீர்கள். ஒற்றை போல்ட் க்ளாம்பைவிட இரட்டை போல்ட் க்ளாம்ப் நல்லது. சட்டகத்திலும் சீட் போஸ்ட்டிலும் தொடர்ச்சியாக வரும்படி பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகினால் போஸ்ட் திரும்புகிறது என்று பார்த்த உடனே தெரியும். சீட்டின் அடித்தளம் வெறும் பிளாஸ்டிக் என்றால் அது வளைந்து, நாளடைவில் போல்ட் துளையைச் சுற்றி விரிசல் விடும். உலோகத் தகடு வைத்த தளமோ, கார்பன் ஃபைபர் தளமோ பாருக்கு ஏற்றது. போல்ட்டுகளை ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முதல் 10 கிலோமீட்டர் ஓட்டியதும் திரும்ப ஒருமுறை ஆலன் கீயால் சரிபாருங்கள். வெறியோடு இறுக்குவதும் தவறுதான், மெல்லிய குழாய் நசுங்கிவிடும்.

பிரேக் லீவரைப் பாருக்கு மாற்றுகிறவர்கள் கை வைக்கும் இடத்திலிருந்தே ஒரு விரலால் எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால் இறக்கத்தில், மிக மோசமான நேரத்தில், பிடியை விட வேண்டி வரும். சீட்டை உயர்த்தியபின் பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கக் கூடாது, தொங்கிக் கிராங்கில் உரசவும் கூடாது. பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதீர்கள். நீண்ட இறக்கத்தில் லேசாக உரசவிட்டபடியே போவதுதான் முழங்காலுக்கு நிம்மதி.

ஓட்டும்போது நடக்கும் முதல் தவறு அவசரம். பார் இல்லாமல் எதையும் பிடிக்காமல் ஏறவும், சில கிலோமீட்டர் விழாமல் போகவும், சீட்டின் முன் பிடியை ஒரு கையால் பிடித்தபடி ஓட்டவும் வராதவருக்குப் பார் உதவாது. இது வந்தபின் பாரில் ஒரு கை, இன்னொரு கை காற்றில். சில நாள் அப்படியே. பிறகு சமமான, ஆள் இல்லாத சாலையில் இரண்டு கையும். விறைப்பாகப் பிடித்தால் தோள் இறுகி, சமநிலைக்காக உடம்பு செய்யும் சின்னச் சின்ன அசைவுகள் எல்லாம் சக்கரத்துக்குப் போய்விடும். முழங்கை கொஞ்சம் மடிந்து, விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும்.

வளைவில் பாரைத் திருகாதீர்கள். சின்னத் திருத்தத்துக்கு அது உதவும், சரி. ஆனால் திருப்பம் இடுப்பிலிருந்தும் சாய்விலிருந்தும் வர வேண்டும். ஏற்றத்தில் இழுக்கும்போது இரண்டு கையும் ஒரே அளவில், நேர் மேலே இழுக்க வேண்டும். ஒரு கை அதிகமாக இழுத்தால் சக்கரம் அந்தப் பக்கம் திரும்பி, பாதையை விட்டு இறங்கும். மேடுபள்ளம் வருவது தெரிந்தால் முன்கூட்டியே ஒரு கையை விடுவித்துவிடுங்கள்.

கடைசியாக, விழப் பழகாமல் இருப்பது. இரண்டு கையும் பாரில் இருக்கும்போது கை தரைக்கு வரத் தாமதமாகும். மணிக்கட்டுக் காப்பு போட்டுக்கொண்டு, புல்தரையில் மெதுவாக ஓட்டி, வேண்டுமென்றே முன்னால் இறங்கிப் பாருங்கள். பிடியை விடுவது, காலைப் பாருக்கு வெளியே கொண்டுவருவது, இரண்டடி ஓடி நிற்பது. யோசிக்காமலே இது நடக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்துவிட்டு, பிறகு சாலைக்குப் போங்கள்.