ஒரே பதவிக்காலம் இருந்த அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினரின் வரலாற்றை எழுதும் முறை

யாழ்ப்பாணத்து வாசகருக்காக அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுபவர், அவர் வகித்த பதவியின் தன்மையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஐந்தாண்டுப் பாராளுமன்றத்தையும், ஒரு மாவட்டத்துக்குப் பலரைத் தெரிவுசெய்யும் விருப்பு வாக்கு முறையையும் கண்டு பழகிய நமக்கு, தொகுதிக்கு ஒருவராக இரண்டே ஆண்டுகளுக்குத் தெரிவாகும், காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபை உறுப்பினரின் அவசரம் எளிதில் விளங்காது. பயிற்சிக்கு ஏற்றவர் ஆபிரகாம் லிங்கன். பின்னாளில் ஜனாதிபதியானதால், சபையில் அவர் இருந்த 1847–1849 காலத்தைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

அந்த ஒரு வரியிலும் பெரும்பாலும் பிழை இருக்கும். அமெரிக்கா 1846–1848 இல் மெக்சிக்கோவுடன் நடத்திய போரை எதிர்த்ததால் அடுத்த தேர்தலில் தோற்றார் என்று எழுதுவார்கள். 1848 இல் அவர் போட்டியிடவே இல்லை. இலினோய் மாநிலத்தின் ஏழாவது தொகுதியில் அவர் அப்போது சார்ந்திருந்த விக் கட்சியினர் அந்த ஆசனத்தை ஆளுக்கொரு முறை என்று பகிர்ந்து வந்தனர். ஹார்டின், பேக்கர் ஆகியோருக்குப் பின்னர் லிங்கனின் முறை வந்தது, அவருக்கு அடுத்து நின்ற லோகனே தோற்றார். போர் எதிர்ப்பினால் சொந்தத் தொகுதியில் லிங்கனுக்குக் கண்டனம் எழுந்தது உண்மைதான், ஆனால் அது வேறு விடயம். ஆகவே ஒருவர் ஏன் ஒரே முறையோடு நின்றார் என்பதைத் தனிப் பந்தியாக எழுதுங்கள்: தோல்வியா, கட்சி உடன்பாடா, தொகுதி எல்லை மாற்றமா, மரணமா என்று சான்று பார்த்த பின்னரே முடிவு சொல்லுங்கள்.

அன்றைய சபை விவாதங்களை அச்சிட்ட காங்கிரஷனல் குளோப் ஏட்டை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் வைத்திருப்பதால், அதை இங்கிருந்தே இலவசமாகப் படிக்கலாம். பேச்சைவிட வாக்கையே நம்ப வேண்டும் என்பது என் கருத்து. போரில் அமெரிக்க இரத்தம் முதலில் சிந்திய இடம் எது என்று ஜனாதிபதி போல்க்கைக் கேட்டு, 1847 டிசம்பரில் லிங்கன் கொண்டுவந்த தீர்மானங்களைச் சபை கவனத்தில் எடுக்கவில்லை. தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறையை ஒழிப்பதற்கு 1849 இல் அவர் வரைந்த சட்டமூலமும் முறைப்படி சமர்ப்பிக்கப்படவில்லை. இவற்றைச் சாதனைகளாகப் பெருக்காமல் முயற்சிகள் என்றே எழுதுங்கள். மெக்சிக்கோவிடம் பெறும் நிலத்தில் அடிமைமுறை கூடாது என்ற வில்மட் யோசனைக்கு அவர் பலமுறை ஆதரவாக வாக்களித்ததற்கோ கூடுதல் இடம் கொடுங்கள்.

காலத்தை உணர்த்த உள்ளூர்க் குறிப்பு ஒன்று போதும்: அதே 1847 இல்தான் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். அதற்கு மேல் ஒப்பிட்டால் கட்டுரை திசைமாறும்.

பதவிக்குப் பிந்திய ஆண்டுகளைச் சுருக்காதீர்கள். 1849 மே மாதத்தில் ஆழமற்ற நீரில் படகை உயர்த்தும் கருவிக்குக் காப்புரிமை பெற்றதும், ஓரிகன் ஆளுநர் பதவியை மறுத்து ஸ்பிரிங்ஃபீல்டில் வழக்கறிஞர் தொழிலைத் தொடர்ந்ததும் இப்பகுதிக்கு உரியவை. அவர் ஜனாதிபதியாகத் தெரிவான 1860 தேர்தலை இரண்டு வாக்கியங்களில் முடித்துவிடலாம். அதை எழுதியவர்கள் ஏராளம்.